குடமும் குறியீடும்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மில் யாராவது ஒருவர் அது தண்ணீரைப் பற்றிய நாவலே அல்ல என்று சொல்லிவிடுவார். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, விஷயம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிற பாவனையில் இது சொல்லப்படும். தண்ணீர் ஒரு குறியீடு; ஜமுனாவின் வறண்ட வாழ்க்கைதான் உண்மையான பஞ்சம்; குழாயில் வராதது அவள் வாழ்விலும் வரவில்லை – இப்படி. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாவலின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருப்பதை இல்லை என்று சாதிப்பதுதான் விமர்சனம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது.

அது தண்ணீரைப் பற்றிய நாவல்தான். 1973இல் புத்தகமாக வந்த அந்தச் சிறிய நூலில் சென்னையின் ஒரு தெரு இருக்கிறது. பம்பு அடித்தால் காற்று வருகிறது. யார் வீட்டில் வருகிறது, யார் யாருக்கு ஒரு குடம் விடுவார்கள், யாரிடம் கேட்கக் கூசுகிறது என்பவைதான் அதன் எலும்புக்கூடு. ஜமுனா, சாயா, டீச்சரம்மா, பாஸ்கர் ராவ் எல்லாரும் அந்த எலும்பின் மேல் வளர்ந்த சதை. எலும்பை உருவி எடுத்துவிட்டுக் குறியீடு என்று சொன்னால் மிஞ்சுவது சினிமாவில் ஏமாந்த ஒரு பெண்ணின் கதை. அதை எழுத ஒரு தொடர்கதைக்காரர் போதும்.

சென்னையில் குடியிருக்காத வாசகர்களுக்கு ஒரு விஷயம். அங்கே தெருக்குழாயில் அழுத்தம் போதாது. தண்ணீர் தானாக மேலே ஏறி வராது. அதனால் வீட்டுக்கு வரும் குழாயின் மீதே அடிபம்பைப் பொருத்தி அடித்து இழுக்க வேண்டும். ஒரே குழாயில் பத்து வீடு இழுக்கும்போது, முதலில் எழுந்து அடிப்பவள் அடுத்த வீட்டுக்காரியின் தண்ணீரையும் சேர்த்து அடிக்கிறாள். வேண்டுமென்று அல்ல. குழாய் அப்படி. அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் இந்தத் தீங்கு யாருடைய குணத்திலிருந்தும் பிறப்பதில்லை என்பதை அசோகமித்திரன் அளவுக்குப் புரிந்துகொண்ட எழுத்தாளர் தமிழில் இல்லை. அவரிடம் வில்லன்கள் இல்லாததற்குச் சுபாவம் காரணம் என்பார்கள். குழாயும் ஒரு காரணம் என்பேன்.

இந்த நாவலைப் பிறவற்றிலிருந்து பிரிப்பது ஒன்று உண்டு. அதில் தாகம் கிடையாது. யாரும் நாக்கு வறண்டு கிடப்பதில்லை. அங்கே பறிபோவது நேரம், பிறகு தூக்கம், பிறகு தெருவில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் முகம். தற்கொலைக்கு முயன்ற ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசும் பகுதி நாவலின் மையம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது? அவள் தத்துவம் பேசவில்லை. பள்ளிக்கூடம், இருமும் கிழட்டுக் கணவன், மாமியார், இவற்றுக்கு நடுவே குடம் என்று ஒரு நாளைப் பங்கு போட்டுக் காட்டுகிறாள். சாவதற்கு நேரம் ஒதுக்க முடியாத ஒருத்தி பேசுகிறாள்.

தாகம் என்ற சொல் நமது கவிதைகளில் எத்தனை முறை வருகிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். தாகம், பாலை, கானல், வறண்ட நதி, வராத மழை. ‘எழுத்து’ காலத்திலிருந்து படிமமே கவிதை என்று நம்பி வந்தோம். தண்ணீர் கைக்கு எளிதாகக் கிடைத்த படிமம். குழாயில் கிடைக்காதது கவிதையில் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் தாகம் என்பது வீட்டில் தண்ணீர் இருப்பவனின் சொல். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, பானையிலிருந்து மொண்டு குடிப்பவனுக்குத்தான் தாகம் எடுக்கிறது, தணிகிறது. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது ‘தண்ணி வந்துருச்சா?’ என்றுதான். ஒன்று உடம்பின் நிலை. மற்றது ஒரு வண்டியின் வருகை. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை நமது கவிதை இன்னும் நடக்கவில்லை.

நகரம் புதுக்கவிதைக்குள் வராமலும் இல்லை. சி. மணியின் ‘நரகம்’ 1962லேயே சென்னையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அந்த நகரத்தில் மாலையில் திரிகிறவன் ஓர் ஆண். அவன் வேட்கையும் விரக்தியும்தான் அங்கே தெருக்கள். விடியற்காலை நாலு மணியில் ஒரு பெண் குடத்தோடு நிற்கும் நகரம் வேறு நகரம். அது நமக்கு வந்து சேரவில்லை.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ இருக்கிறதே என்பீர்கள். 1980இல் மேடையேறி, அடுத்த ஆண்டே பாலசந்தரால் படமாகி, தேசிய விருதும் பெற்று, இன்று தண்ணீர்ப் பஞ்சம் என்றாலே பத்திரிகைகளுக்கு அத்திப்பட்டி ஞாபகம் வருகிற அளவுக்குப் போய்விட்டது. அன்றைய சபா நாடகங்களின் துணுக்குச் சிரிப்புக்கு நடுவே அது வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அது தாகத்தின் நாடகம். காலிக் குடம் அங்கே ஒரு கொடியாகிவிடுகிறது. கொடியைத் தூக்கிப் பிடிக்கலாம், இடுப்பில் வைக்க முடியாது. எதிரி யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு அவனை நிரூபிப்பதுதான் வேலை.

ஆனால் கோமல் ஒன்றைச் சரியாகப் பார்த்திருக்கிறார். ஊர் ஜனங்கள் தாங்களே கால்வாய் வெட்டப் புறப்படும்போதுதான் அரசாங்கம் அங்கே வருகிறது. அதுவரை வராதது. தண்ணீர் இல்லாமல் இருப்பது குற்றமல்ல. அனுமதி இல்லாமல் தண்ணீரை எடுப்பது குற்றம். இந்த ஒரு இடத்தில் அத்திப்பட்டி கிராமமாக இல்லாமல் ஒரு நகரத்துக் குடிசைப் பகுதியாகிவிடுகிறது. கோமல் இதை உணர்ந்தாரா என்பது வேறு விஷயம். நாடகம் அந்த இடத்தைத் தாண்டி வேகமாகக் கோஷத்துக்குப் போய்விடுகிறது.

குடிசைப் பகுதியின் தண்ணீர்ப் பிரச்சினை பஞ்சம் அல்ல. இதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். பஞ்சம் எல்லாருக்கும் பொது. இது முகவரியின் பிரச்சினை. வீட்டுக்குக் குழாய் இணைப்பு வேண்டுமென்றால் வீட்டு வரி ரசீது வேண்டும். ரசீதுக்குப் பட்டாவோ பத்திரமோ வேண்டும். குளத்துப் புறம்போக்கிலும் ரயில்வே ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் இருப்பவனிடம் அது கிடையாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவன் அங்கே இல்லை. இல்லாதவனுக்கு எப்படித் தண்ணீர் விடுவது? தெருமுனையில் ஒரு தொட்டி வைப்பார்கள், லாரி அனுப்புவார்கள், அடிபம்பு போடுவார்கள். தேர்தலுக்கு முன் கொஞ்சம் கூடுதலாக. எல்லாம் சலுகை. அவன் கேட்டுப் பெறும் எதுவும் அவனுடையதாகாது.

இது யாரோ ஒரு அதிகாரியின் மனக்கோணல் அல்ல. மத்திய அரசின் குடிநீர்க் கையேடு 1999இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி பாதாளச் சாக்கடை உள்ள நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், பெருநகரமானால் 150, பொதுக் குழாயில் பிடிப்பவனுக்கு 40. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள குடிசைக்கு அந்த 40 கணக்கில்கூட நாளைக்குப் பதிமூன்று குடத்துக்கு மேல் வேண்டும். ஒரு குடம் பதினைந்து கிலோ. இதை யார் தூக்குகிறார்கள் என்று கையேடு சொல்லாது. இலக்கியம் சொல்ல வேண்டிய இடம் அது. எண்ணைப் பார்த்தவுடன் முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு: பதிமூன்று நடை என்பது ஒரு நாவலின் அமைப்பு. படிமத்தை விட நல்ல அமைப்பு.

நான் உட்கார்ந்து எழுதும் கீரனூர் பெருநகரம் இல்லை, பேரூராட்சி. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் பஸ் நின்று போகும் ஊர். சுற்றிலும் பழைய குளங்கள். நார்த்தாமலையில் பாறைக்குள்ளேயே சுனை வைத்திருந்த சீமை இது. ஊருணி என்றால் அதில் கால் வைக்கக்கூடாது, குடிக்க மட்டும் என்று விதி வைத்திருந்த சீமை. (அந்த விதி யாரைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே விடாமல் வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே பெருமைப்பட வேண்டும்.) திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் எங்கள் பக்கமாகப் போகிறது. குழாயில் ஆங்காங்கே காற்றுப்போக்க வால்வுகள். வால்வு கசியும் இடத்தில், அந்தப் பக்கம் முகவரி இல்லாமல் குடியிருப்பவர்கள் குடம் வைத்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாக விழும். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது, குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று அங்கே நின்ற அம்மாவிடம் கேட்டேன். ‘அது என்ன கணக்கு சார், நான் பாட்டுக்கு வச்சுட்டுப் போயி சோறாக்கிட்டு வருவேன்’ என்றார். பிறகு, நான் விசாரிக்க வந்த ஆள் என்று சந்தேகப்பட்டோ என்னவோ, ‘அடைச்சிராதீங்க சார்’ என்று சொன்னார்.

அந்த ‘அடைச்சிராதீங்க’வில் எல்லாம் இருக்கிறது. பழுதுதான் அவருக்குக் குழாய். எல்லாம் சரியாக வேலை செய்தால் அவருக்குத் தண்ணீர் இல்லை. முற்போக்கு எழுத்தாளர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் கசிவைக் கண்டித்திருப்பார். நம்மவர் நின்றிருந்தால் சொட்டைக் காலமாக்கியிருப்பார். இருவரும் அந்த அம்மாவுக்கு உபகாரமில்லை என்பதல்ல என் புகார். இலக்கியம் உபகாரம் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதே கிடையாது. இருவருமே அவர் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான்.

காதில் விழாமல் போன இன்னொன்று சென்னையில் நடந்தது. 1960களின் கடைசியில் வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம். குழாய்கள் செய்யப்பட்டன, சாலையோரமாகக் கொண்டுவந்து போடப்பட்டன, திட்டம் ஊழல் புகாரிலும் சர்க்காரியா விசாரணையிலும் சிக்கி நின்றது. ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய குழாய்கள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் குடியேறின. தண்ணீர் போக வேண்டிய குழாயில் மனிதன் குடியிருக்கிறான். அவனுக்குத் தண்ணீர் இல்லை. படிமத்துக்காக உலகமெல்லாம் தேடிய ஒரு தலைமுறை பஸ்ஸில் அந்த வழியாகத்தான் சென்னைக்குப் போய் வந்தது. வீராணம் தண்ணீர் கடைசியில் 2004இல், வேறு குழாய்களில், சென்னைக்கு வந்து சேர்ந்தது. பழைய குழாய்களில் வாழ்ந்தவர்களைப் பற்றி நினைவில் நிற்கும் ஒரு கதை எனக்குத் தெரியவில்லை. எழுதியவர்கள் இருந்தால் அனுப்புங்கள், நானே பிரதி எடுத்து எல்லாருக்கும் தருகிறேன்.

ஜெயகாந்தன் எழுதினாரே என்றால், ஆம், சேரியைத் தமிழ்க் கதைக்குள் அதன் பேச்சோடு கொண்டுவந்தவர் அவர். ‘உன்னைப் போல் ஒருவன்’ இல்லாமல் பின்னால் வந்த எதுவும் இல்லை. ஆனால் அவர் மனிதர்கள் கதைக்குள் வந்ததுமே ஒரு தார்மீகக் கேள்வியைச் சுமக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். குடத்தைச் சுமக்க இடுப்பு மிஞ்சுவதில்லை. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ ஒரு நாளின் கதை. நான் கேட்கும் அமைப்புக்கு மிக அருகில் வருவது. அங்கே நினைவில் நிற்பது சாராயம்தான். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018) சிந்தாதிரிப்பேட்டைக்குள்ளிருந்தே எழுதப்பட்டது; வெளியிலிருந்து பார்க்கும் கருணை அதில் இல்லை. அதற்காகவே அதை வரவேற்கிறேன். இப்போதைக்கு ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது.

அசோகமித்திரனிடமும் ஓர் எல்லை உண்டு. அவர் தெருவுக்கு முகவரி இருக்கிறது. அங்கே தபால்காரன் வருவான், வாடகை கேட்க வீட்டுக்காரம்மா வருவாள். தெருவைத் தோண்டுகிறார்கள், மண்ணைக் குவிக்கிறார்கள், தொல்லைதான். ஆனால் தோண்டுவது அந்தத் தெருவுக்குக் குழாய் உண்டு என்பதால். இந்தத் தெரு முடிந்து வாய்க்கால் தொடங்கும் இடத்தில் நாவல் நின்றுவிடுகிறது. குறை சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளும் நேர்மை அது. ஆனால் அவருக்குப் பிறகு ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. வாய்க்காலைத் தாண்டுவதற்குப் பதிலாக அவர் தெருவைக் குறியீடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பம்பாயில் 2014 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குத் தண்ணீர் கிடையாது என்று இருந்த நிலையை எதிர்த்து ‘பாணி ஹக் சமிதி’ தொடுத்த வழக்கு. வீடு சட்டவிரோதம் என்பதற்காகத் தண்ணீரை மறுக்க முடியாது, அது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது நீதிமன்றம். பெரிய தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, சட்டப்படி குடியிருப்பவருக்குச் சமமாக இவர்கள் கோர முடியாது, கூடுதல் கட்டணமும் வாங்கலாம் என்றும் சொன்னது. உயிர் உண்டு, சமம் இல்லை. இந்த இடைவெளியில் எத்தனை லட்சம் பேர் குடத்தோடு நிற்கிறார்கள்! நமது நாவலாசிரியர்கள் சட்டப் புத்தகம் படிக்கலாம். சமயத்தில் அது நவீன கவிதையைவிடத் துல்லியமாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. பட்டியல் சாதியினர் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. யார் செய்தது என்ற விவகாரம் 2025இல் குற்றப்பத்திரிகை வந்த பிறகும் தகராறாகவே நீண்டது, அது கோர்ட்டுக்குரியது. நான் பார்ப்பது அப்போது வந்த கவிதைகளை. என் கைக்கு வந்தவற்றில் அருவருப்பு இருந்தது, கோபம் இருந்தது, மலம் ஒரு படிமமாகியிருந்தது. தொட்டி ஏன் தனியாக இருந்தது என்று ஒரு கவிதையும் கேட்கவில்லை. மலம் ஓர் இரவின் காரியம். தனித் தொட்டிக்குத் திட்டம் போட்டு, டெண்டர் விட்டு, சிமெண்ட் கலந்திருக்கிறார்கள். கலை எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் சிமெண்டைக் காட்டுவேன்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். உலகமெல்லாம் படம் பிடித்தார்கள். அந்த வருஷம் அடுக்குமாடிக்காரர்களும் டாங்கர் லாரிக்காக வாசலில் நின்றார்கள். நண்பர்கள் சிலர் அப்போது எழுதிய கட்டுரைகளில் ‘முன்னெப்போதும் இல்லாத’ என்ற சொற்றொடர் தவறாமல் வந்தது. கண்ணகி நகரில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் எல்லா வருஷமும் குடத்தோடுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு அது செய்தி அல்ல, செவ்வாய்க்கிழமை. இந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதுவது கஷ்டம். உச்சம் கிடையாது, திருப்பம் கிடையாது. நேற்று நடந்ததேதான் இன்றும். சிறுகதை இலக்கணப்படி அது கதையே இல்லை. அந்த இலக்கணத்தை மாற்றச் சிறுபத்திரிகைகள் இல்லாவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், கல்லூரி முடித்துவிட்டுக் கல்குவாரியில் கணக்கு எழுதுபவன், ஒரு கவிதை கொண்டுவந்தான். தண்ணீர் வண்டிக்கான வரிசையில் ஆளுக்குப் பதிலாகக் கல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சொந்தக்காரி. கல்லை யாரும் நகர்த்துவதில்லை, நகர்த்தினால் சண்டை. பதினான்கு வரி, ஒரு உவமை கிடையாது. நான் இரண்டு முறை படித்தேன். பதினைந்தாவது வரியில் அகலிகை வந்துவிட்டாள். பதினாறில் ராமனுடைய பாதம். கடைசி இரண்டு வரியை அடித்துவிடு தம்பி, ராமன் வரவேண்டியதில்லை, வண்டி வந்தால் போதும் என்றேன். அது இல்லாவிட்டால் கவிதை என்று எப்படி அண்ணே ஒத்துக்குவாங்க என்று கேட்டான். அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவன், இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால், பதினான்கு வரியோடு வந்தால், அடுத்த இதழில் போடலாம்.